அட்மிட் வந்தாச்சு, ஆனா போக முடியல: வெளிநாட்டுப் படிப்பு கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பெரும்பாலானது ஒரே கேள்விதான், 'எந்த யூனிவர்சிட்டி நல்லது'. அதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல, ராங்கிங் லிஸ்ட் பாக்க என் தயவு எதுக்கு உங்களுக்கு. நான் பாத்த வரைக்கும் ஆளைக் கவுக்கிறது அது இல்ல. அட்மிட் லெட்டரைக் கையில வச்சுக்கிட்டு ஃப்ளைட் ஏற முடியாம நின்னவங்களைப் பாத்திருக்கேன், அவங்கள்ல ஒருத்தர் கூட மக்கு கிடையாது. ஒரு பேப்பர், ஒரு தேதி, இல்லன்னா பேங்க்ல ஒரு நாள் கொறஞ்ச பணம், இதுல ஏதோ ஒண்ணு கால வாரிவிட்டிருக்கும். அதனால அந்த மாதிரி கேள்விகளா பொறுக்கி எடுத்திருக்கேன்.

அக்கா, அடுத்த வருஷம் செப்டம்பர்ல மாஸ்டர்ஸ் சேரணும். இப்போ ஃபைனல் இயர் படிக்கிறேன். எப்போ ஆரம்பிக்கணும், இப்பவே லேட் ஆயிடுச்சா? — ஃபைனல் இயர் மாணவி

லேட் ஆகலம்மா. ஆனா இன்னைல இருந்து முன்னாடி எண்ணாதீங்க, கிளாஸ் தொடங்குற தேதில இருந்து பின்னாடி எண்ணுங்க. செப்டம்பர்ல கிளாஸ்னா கோடைக்குள்ள விசா கையில இருக்கணும், விசாவுக்கு முன்னாடி பணம் கட்டி யூனிவர்சிட்டி கொடுக்கிற பேப்பர் வரணும் (அமெரிக்கான்னா ஐ-20, பிரிட்டன்னா காஸ் நம்பர்), அதுக்கு முன்னாடி அட்மிட் வரணும், அட்மிட் வரணும்னா அமெரிக்கால நிறைய கோர்ஸ் டிசம்பர், ஜனவரிலயே கதவைச் சாத்திடும். பிரிட்டன் மாஸ்டர்ஸ்ல நிறைய இடத்துல வர வர பாத்து சீட்டு கொடுத்துக்கிட்டே போவாங்க, டெட்லைன் ஜூன்னு போட்டிருந்தாலும் நல்ல கோர்ஸ் மார்ச்லயே நிரம்பிடும். ஜெர்மனில குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15ன்னு பொதுவா சொல்வாங்க, அதை நம்பி உக்காந்தா வெளிநாட்டு மாணவர்களுக்குன்னு இருக்கிற நிறைய கோர்ஸ் அதுக்கு மாசக்கணக்கா முன்னாடியே மூடியிருக்கும்.

இப்படி எண்ணிக்கிட்டே வந்தா எக்ஸாம் எல்லாம் அக்டோபருக்குள்ள முடிஞ்சிருக்கணும்னு உங்களுக்கே தெரியும். ஐஈஎல்டிஎஸ், டோஃபெல் மாதிரி இங்கிலீஷ் எக்ஸாம் ஸ்கோர் 2 வருஷம்தான் செல்லும், மாஸ்டர்ஸ், பிஎச்டி சீட்டுக்கு எழுதுற ஜிஆர்ஈ 5 வருஷம் செல்லும். அதனால ஜிஆர்ஈ வேணும்னா அதை முதல்ல முடிச்சு வச்சுக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி அந்த டிபார்ட்மெண்ட் பக்கத்தைப் போய் பாருங்க, ஜிஆர்ஈ வேண்டவே வேண்டாம்னு சொல்ற இடம் இப்போ எக்கச்சக்கம், கேக்காத எக்ஸாமுக்கு மூணு மாசம் படிச்சவங்க இருக்காங்க.

எல்லாத்தையும் விட இழுக்கிறது டிரான்ஸ்கிரிப்டும் (காலேஜ் தர்ற முழு மார்க் பட்டியல்) புரொஃபசர் எழுதித் தர்ற ரெகமண்டேஷன் லெட்டரும்தான், ஏன்னா அது ரெண்டும் உங்க கையில இல்ல. என் கதையைச் சொல்றேன். நான் அப்ளை பண்ணப்போ டிரான்ஸ்கிரிப்டை கவர்ல போட்டு ஒட்டி, ஒட்டின இடத்துக்கு மேல சீல் குத்திக் கொடுத்தாங்க, அதை அப்படியே அனுப்பணும். நான் என்ன பண்ணேன், பேர் ஸ்பெல்லிங் சரியா இருக்கான்னு ஒரு சந்தேகம், ராத்திரி உக்காந்து கெட்டில் ஆவில காட்டி மெதுவா பிரிச்சேன். பேர் சரியாத்தான் இருந்துச்சு. சீல்தான் ரெண்டா கிழிஞ்சு போச்சு. மறுபடி ஃபீஸ் கட்டி, மறுபடி வரிசைல நின்னு, மூணு வாரம் போச்சு. இப்போ நிறைய இடத்துல முதல்ல ஸ்கேன் போதும், சேரும்போது ஒரிஜினல்னு சொல்றாங்க, ஆனா கவர்னு கேட்டா தயவுசெஞ்சு பிரிச்சுப் பாக்காதீங்க, பேரை கவர் ஒட்டுறதுக்கு முன்னாடி கவுண்டர்லயே பாத்துக்கோங்க.

லெட்டர் விஷயத்துல இன்னொண்ணு. லெட்டரை அப்லோட் பண்ணச் சொல்ற லிங்க் புரொஃபசரோட காலேஜ் மெயிலுக்குப் போகும், பல இடத்துல ஜிமெயில் கொடுத்தா சந்தேகமா பாப்பாங்க. அந்த லிங்க் ஸ்பாம்ல போய் விழுறது ரொம்ப சகஜம். டெட்லைனுக்கு மூணு வாரம் முன்னாடி ஒரு தடவை நேர்ல போய், 'சார், மெயில் வந்துச்சா'ன்னு கேட்டுட்டு வாங்க, அவர் முன்னாடியே ஸ்பாமைத் திறக்க வைங்க. அமெரிக்க ஃபார்ம்ல 'இந்த லெட்டரைப் பாக்குற உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்'னு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டுடுங்க, போடலன்னா நீங்க படிப்பீங்கன்னு தெரிஞ்சு எழுதின லெட்டர்னு மதிப்பு கொறையும்.

என்னோட எஸ்ஓபி (ஏன் இதைப் படிக்கணும்னு எழுதுற ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்பஸ்) முதல் பத்தி அனுப்பியிருக்கேன், எப்படி இருக்குன்னு சொல்லுங்க: 'சின்ன வயசுல இருந்தே எனக்கு எலக்ட்ரானிக்ஸ்னா உயிர். டெக்னாலஜி உலகத்தை மாத்திக்கிட்டு இருக்குற இந்தக் காலத்துல உங்க உலகப் புகழ் பெற்ற யூனிவர்சிட்டில படிக்கிறது என் கனவு.' — இன்ஜினியரிங் மாணவர்

தம்பி, கோச்சுக்காதீங்க. இதுல உங்க பேரை எடுத்துட்டு யார் பேரை வேணா போடலாம், யூனிவர்சிட்டி பேரையும் மாத்திக்கலாம். படிக்கிற கமிட்டி ஆளுக்கு மேஜை மேல இதே வாக்கியம் அடுக்கி வச்சிருக்கும். உலகப் புகழ்னு அவங்ககிட்டயே சொல்றது எதுக்கு, அவங்களுக்குத் தெரியாததா.

ஆனா உங்க கடிதத்தோட கடைசில, பேச்சுவாக்குல ஒண்ணு எழுதியிருந்தீங்க பாருங்க, ப்ராஜெக்ட்ல தண்ணித் தொட்டிக்கு மேல அல்ட்ராசோனிக் சென்சார் மாட்டினது, ராத்திரியானா தண்ணி தானா கொறையுற மாதிரி காட்டினது, தொட்டில ஓட்டைன்னு நெனச்சு ரெண்டு நாள் தேடினது. அதுதான் உங்க எஸ்ஓபி! குளிர்ல சத்தம் மெதுவா போகும், ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் அளவுக்கு வேகம் கொறையும், எதிரொலி லேட்டா திரும்பும், சென்சார் தண்ணி தூரத்துல இருக்குன்னு நெனச்சுக்கும். 2 மீட்டர் தூரத்துல 10 டிகிரி எறங்கினா 3 சென்டிமீட்டருக்கு மேல தப்பு வரும். நீங்க கூட ஒரு டெம்பரேச்சர் சென்சார் வச்சு அதைச் சரி பண்ணீங்கன்னு எழுதியிருக்கீங்க. அப்போ இப்படி ஆரம்பிங்க:

'எங்க தொட்டில ஒவ்வொரு ராத்திரியும் தண்ணி 3 சென்டிமீட்டர் காணாம போச்சு, காலைல திரும்பி வந்துச்சு. ஓட்டை தொட்டில இல்ல, சத்தத்தோட வேகம் மாறாதுன்னு நான் போட்ட கணக்குலதான் இருந்துச்சு.'

படிக்கிறவர் நிமிர்ந்து உக்காருவார். அடுத்த பத்தில எப்படிச் சரி பண்ணீங்க, எது இன்னும் சரியாகல, அந்த சரியாகாததைத்தான் மாஸ்டர்ஸ்ல படிக்கணும்னு வாங்க, அங்க அந்த வேலை பண்ற லேப் எதுன்னு ரெண்டு வரி, அதுவும் அவங்க பேப்பரை நிஜமா படிச்சிட்டு. அவ்ளோதான். ஏஐ கிட்ட கொடுத்து மெருகேத்துறேன்னு மறுபடி 'உயிர், கனவு'க்குக் கொண்டு போயிடாதீங்க. அது எழுதினா தொட்டியும் இருக்காது, ஓட்டையும் இருக்காது.

இன்னொரு சங்கதி, இளநிலை படிப்புக்கு அப்ளை பண்ற ப்ளஸ் டூ பசங்களும் நிறைய பேர் எழுதியிருந்தாங்க. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் ஒரே கட்டுரையை அனுப்பாதீங்க. அமெரிக்க காமன் ஆப்ல (பல காலேஜுக்கு ஒரே ஃபார்ம்ல அப்ளை பண்ற தளம்) 650 வார்த்தைக்குள்ள நீங்க யாருங்கிற கதை வேணும், படிக்கப் போற பாடத்தைப் பத்தி ஒரு வரி இல்லாட்டியும் பரவால்ல. பிரிட்டன்ல அதே மாதிரி தளமான யூகாஸ்ல உங்க கதை எல்லாம் அவங்களுக்கு ரெண்டாம்பட்சம், பாடம்தான் முக்கியம். 2026ல சேர்றவங்கள்ல இருந்து அது ஒரே கட்டுரையா இல்லாம மூணு கேள்வியா மாறிடுச்சு: ஏன் இந்தப் பாடம், படிச்ச படிப்பு எப்படி உங்களைத் தயார் பண்ணியிருக்கு, படிப்புக்கு வெளில வேற என்ன பண்ணீங்க. மூணும் சேத்து இடைவெளியோட 4,000 எழுத்து, ஒவ்வொண்ணுக்கும் 350 எழுத்தாவது வேணும். ஒரு அப்ளிகேஷன்ல 5 கோர்ஸ் போடலாம், ஆனா அஞ்சுக்கும் அதே கட்டுரைதான் போகும், அதனால அஞ்சும் ஒரே பாடத்தை ஒட்டி இருக்கட்டும். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், அப்புறம் மெடிசினுக்கெல்லாம் அக்டோபர் 15, மத்ததுக்கு ஜனவரி நடுவுல. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் ஒரே வருஷத்துல ரெண்டுக்கும் போட முடியாது, ஒண்ணைத்தான் போடணும்.

ஒரு கன்சல்டன்சில ஃபீஸே வேண்டாம், எல்லாம் நாங்களே பாத்துக்கிறோம்னு சொல்றாங்க. நம்பலாமா? — பெயர் வேண்டாம்

ஃபீஸ் உங்ககிட்ட வேண்டாம், யூனிவர்சிட்டிகிட்ட வாங்கிப்பாங்க. நீங்க சேந்தா கமிஷன். அது தப்புன்னு சொல்லல, பல நாட்டுல சட்டப்படியே நடக்குற தொழில்தான், ஆனா கமிஷன் தராத யூனிவர்சிட்டி பேர் அவங்க வாயில வராது. ஜெர்மனி அரசு யூனிவர்சிட்டி மாதிரி கமிஷனுக்கு வழியில்லாத இடத்தைப் பத்திக் கேட்டுப் பாருங்க, 'அங்க பாஷை கஷ்டம்'னு பேச்சை மாத்துவாங்க.

நான் பயப்படுறது வேற ஒண்ணுக்கு. உங்க பேர்ல அவங்களே ஒரு மெயில் ஐடி திறந்து, பாஸ்வேர்ட் அவங்ககிட்டயே வச்சுக்கிட்டு அப்ளை பண்ணுவாங்க. ஒரு பொண்ணு எனக்கு எழுதியிருந்தா, அவளுக்கு ஒரு இடத்துல ஸ்காலர்ஷிப்போட ஆஃபர் வந்ததே ஏழு வாரம் கழிச்சு யூனிவர்சிட்டில இருந்து போன் வந்தப்பதான் தெரிஞ்சுது, பதில் சொல்ல வேண்டிய தேதி முடிஞ்சு போச்சு, நடுவுல இருந்தவங்க அவளுக்கு வேற இடத்தைக் காட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. மெயில் உங்களோடது, பாஸ்வேர்ட் உங்களோடது, போர்ட்டல் லாகின் உங்களோடது, இதுக்கு ஒத்துக்கிட்டா அவங்க உதவியை வாங்கிக்கோங்க. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், பேங்க் பேப்பர் எல்லாம் 'ரெடி பண்ணித் தர்றோம்'னு சொன்னா அந்த நிமிஷமே எழுந்து வந்துடுங்க. பிரிட்டன்ல போலி பேப்பர் கொடுத்து மாட்டினா 10 வருஷம் வரைக்கும் விசா கிடையாது, தண்டனை உங்க பேருக்குத்தான், அவங்க பேருக்கு இல்ல.

ஜெர்மனில படிப்பு ஃப்ரீன்னு சொல்றாங்களே, அது எவ்ளோ தூரம் உண்மை? எனக்கு 10க்கு 7.2 இருக்கு, கிடைக்குமா?

ரெண்டு கேள்வி, ரெண்டுமே நல்ல கேள்வி.

ஃப்ரீங்கிறது அரசு யூனிவர்சிட்டில டியூஷன் ஃபீஸ் பெரும்பாலும் இல்லங்கிறது வரைக்கும் உண்மை. செமஸ்டர் பங்களிப்புன்னு சில நூறு யூரோ கட்டணும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல 2017ல இருந்து ஐரோப்பிய யூனியனுக்கு வெளில இருந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டி 2024-25 குளிர்கால செமஸ்டர்ல இருந்து ஃபீஸ் போட ஆரம்பிச்சுடுச்சு, மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000ல இருந்து 6,000 யூரோ வரைக்கும். அப்புறம் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட், வருஷத்துக்கு 11,904 யூரோ மொத்தமா போட்டு வைக்கணும், போன பிறகு மாசம் 992 யூரோ வீதம்தான் எடுக்க முடியும். இது செலவு இல்ல, உங்க பணம்தான், ஆனா மொத்தமா முன்கூட்டியே இருக்கணும், 'ஃப்ரீ'ன்னு கேட்டு கிளம்பினவங்க முட்டி நிக்கிறது இங்கதான். இந்தத் தொகையை அப்பப்போ ஏத்துவாங்க, அதனால அப்ளை பண்ற மாசத்துல ஒரு தடவை தூதரகப் பக்கத்துல பாத்துக்கோங்க. யூனி-அசிஸ்ட் (பல ஜெர்மன் யூனிவர்சிட்டிக்காக வெளிநாட்டு அப்ளிகேஷனைச் சரிபாக்குற அமைப்பு) வழியா போனா முதல் அப்ளிகேஷனுக்கு 75 யூரோ, அதே செமஸ்டர்ல அடுத்தடுத்ததுக்கு 30 யூரோ. இந்தியா, சீனா, வியட்நாம்ல படிச்சவங்களுக்கு படிப்புப் பேப்பர் எல்லாம் நிஜம்தான்னு சரிபாத்துத் தர்ற ஏபிஎஸ்ங்கிற சான்றிதழும் வேணும், அதுக்குன்னு தனியா வாரங்களை ஒதுக்குங்க.

இப்போ 7.2. ஜெர்மனில மார்க் தலைகீழ், 1.0 தான் உச்சம், 4.0 பாஸ். உங்க மார்க்கை மாத்த ஒரு கணக்கு வச்சிருக்காங்க, பவேரியன் ஃபார்முலான்னு பேர். உச்ச மார்க்ல இருந்து உங்க மார்க்கைக் கழிங்க, அதை உச்ச மார்க்குக்கும் பாஸ் மார்க்குக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தால வகுத்து, 3ஆல பெருக்கி, 1 கூட்டுங்க. உங்க யூனிவர்சிட்டில பாஸ் மார்க் 4னா: 10ல இருந்து 7.2 போனா 2.8, அதை 6ஆல வகுத்து 3ஆல பெருக்கினா 1.4, கூட 1, மொத்தம் 2.4. பாஸ் மார்க் 5னா அதே 2.8ஐ 5ஆல வகுக்கணும், முடிவு 2.68. நிறைய கோர்ஸ் 2.5க்குள்ள இருக்கணும்னு கேக்கும். பாத்தீங்களா, ஒரே 7.2, ஒரு ஆள் உள்ள, ஒரு ஆள் வெளில!

அதனால உங்க பாஸ் மார்க் எதுன்னு ஊகத்துல போடாதீங்க. மார்க்ஷீட்டோட பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கும், இல்லன்னா கண்ட்ரோலர் ஆபீஸ்ல கிரேடிங் முறை பத்தி ஒரு லெட்டர் வாங்குங்க. சிலருக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாஸ் மார்க், மொத்த சராசரிக்கு வேற ஒண்ணு இருக்கும், டிகிரி வாங்க வேண்டிய குறைஞ்சபட்ச சராசரி எதுன்னு அந்த லெட்டர்ல தெளிவா இருக்கட்டும். மார்க் கூட, படிச்ச பாடங்களையும் கிரெடிட் கிரெடிட்டா ஒப்பிடுவாங்க, கணக்குல இத்தனை கிரெடிட் வேணும்னு இருந்து உங்களுக்கு இல்லன்னா 9.5 வச்சிருந்தாலும் ரிஜெக்ட்தான்.

எனக்கு ரெண்டு அரியர் இருந்துச்சு, க்ளியர் பண்ணிட்டேன். அதை மறைக்கலாமா?

டிரான்ஸ்கிரிப்ட்ல இருக்கும், எப்படி மறைப்பீங்க. ஒரு வரி எழுதுங்க, எந்த செமஸ்டர், ஏன், அடுத்த அட்டெம்ப்ட்ல என்ன மார்க். ரெண்டாவது வரி வேண்டாம், அழுகாச்சி வேண்டவே வேண்டாம்.

ஐஈஎல்டிஎஸ்ல மொத்தம் 7, ஆனா ரைட்டிங் மட்டும் 5.5. மறுபடி முழுசா எழுதணுமா?

கம்ப்யூட்டர்ல எழுதியிருந்தா ஒன் ஸ்கில் ரீடேக்னு ஒண்ணு இருக்கு, முதல் எக்ஸாம்ல இருந்து 60 நாளைக்குள்ள ரைட்டிங்கை மட்டும் திரும்ப எழுதலாம். ஆனா எல்லா யூனிவர்சிட்டியும், எல்லா நாட்டு விசாவும் அதை ஏத்துக்காது, பணம் கட்டுறதுக்கு முன்னாடி அட்மிஷன்ஸுக்கு ஒரு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க.

பிரிட்டன் விசா பணம் காட்டுறதுல ரிஜெக்ட் ஆச்சு. அக்கவுண்ட்ல தேவைக்கு மேலயே இருந்துச்சு, ஒரே ஒரு நாள்தான் கொறஞ்சுது, அதுவும் மறுநாளே போட்டுட்டேன். இது நியாயமா? — மனசு நொந்தவன்

நியாயமான்னு கேட்டா என்ன சொல்றது தம்பி, ரூல் அப்படி. தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கொறையாம இருக்கணும், அந்த 28 நாள் முடியுற தேதி நீங்க அப்ளை பண்ற தேதிக்கு முன்னாடி 31 நாளைக்குள்ள இருக்கணும். 27 நாள் மலை மாதிரி பணம் இருந்து ஒரு நாள் ஒரு பவுண்ட் எறங்கினாலும் எண்ணிக்கை மறுபடி ஒண்ணுல இருந்துதான். அவங்க சராசரி பாக்க மாட்டாங்க, அந்த 28 நாள்ல இருக்கிறதுலயே கம்மியான பேலன்ஸைத்தான் பாப்பாங்க.

தொகை எவ்ளோன்னு மத்தவங்களுக்காகச் சொல்றேன்: முதல் வருஷ ஃபீஸ்ல கட்டாம பாக்கி இருக்கிறது, கூட 9 மாச வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர்ல ஏத்தின கணக்குப்படி லண்டன்னா மாசம் 1,529 பவுண்ட், லண்டனுக்கு வெளிலன்னா 1,171. 9 மாசத்துக்கு 13,761, வெளில 10,539. ஹெல்த் சர்சார்ஜ் வருஷத்துக்கு 776 பவுண்ட் தனி, விசா ஃபீஸ் தனி, அதைக் கட்டுறதுக்கு இந்த அக்கவுண்ட்ல இருந்தே எடுத்துத்தான் பல பேர் மாட்டுறாங்க, உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும்னு நெனைக்கிறேன்.

அதனால அந்த அக்கவுண்டைத் தொடாதீங்க. கார்டைத் தூக்கி அலமாரில போடுங்க, ஆட்டோ டெபிட் எல்லாம் வேற அக்கவுண்டுக்கு மாத்துங்க. கரன்சி ஏறி எறங்கும், அதுக்குன்னு ஒரு நூத்துக்குப் பத்தாவது கூடவே வைங்க. பணம் உங்க பேர்லயோ அப்பா அம்மா பேர்லயோ இருக்கலாம், அவங்க பேர்லன்னா பர்த் சர்டிபிகேட்டும் அவங்க சம்மத லெட்டரும் வேணும். சித்தப்பா அக்கவுண்ட் செல்லாது, அவர் எவ்ளோ பாசக்காரரா இருந்தாலும். உங்களுக்கு கோர்ஸ் தொடங்க இன்னும் நாள் இருந்தா அட்மிஷன்ஸ்ல பேசி புது காஸ் கேளுங்க, பழைய காஸை மறுபடி பயன்படுத்த முடியாது.

பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருக்கு, ஒரே பேர்தான். அப்ளிகேஷன்ல ரெண்டு கட்டமும் கட்டாயம்னு கேக்குது. அப்பா பேரைப் போட்டுடவா?

போடாதீங்க! பாஸ்போர்ட்ல இல்லாத பேரை ஒரு இடத்துல போட்டா அது ஐ-20ல வரும், எக்ஸாம் ஸ்கோர்ல வேற இருக்கும், ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்கிறதே தனி வேலை ஆயிடும். அமெரிக்க விசாவுக்கு இதுக்குன்னே வழி இருக்கு, இருக்கிற ஒத்தப் பேரை சர்நேம்ல போட்டு, முன்பெயர் கட்டத்துல எஃப்என்யூன்னு போடுவாங்க, முன்பெயர் தெரியலங்கிறதோட சுருக்கம். அங்க போன பிறகு பேங்க்லயும் காலேஜ் ஐடிலயும் உங்களை 'ஃப்னூ'ன்னு கூப்பிடுவாங்க, சிரிச்சிட்டு விடுங்க. பாஸ்போர்ட்டையே திருத்தணும்னா எக்ஸாமுக்குப் பதிவு பண்றதுக்கு முன்னாடி திருத்துங்க, பாதி வழில வேண்டாம்.

கனடாவா ஆஸ்திரேலியாவா? எது சுலபம்?

சுலபம்ங்கிற வார்த்தை ரெண்டுலயும் போயிடுச்சு. கனடா 2024ல இருந்து மாணவர் பர்மிட் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு போட்டுடுச்சு, அதுக்கு முன்னாடி இருந்த வேகமான எஸ்டிஎஸ் வழியையும் அந்த வருஷம் நவம்பர்ல மூடிட்டாங்க. ஆஸ்திரேலியால மாணவர் விசா ஃபீஸ் 2025 ஜூலைல இருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலர், ரிஜெக்ட் ஆனா அது திரும்பி வராது. அஞ்சு வருஷம் முன்னாடி போன சொந்தக்காரர் சொல்ற ரூலை வச்சு முடிவு பண்ணாதீங்க, அவர் போன கதவு இப்போ அங்க இல்ல.

அமெரிக்கால முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? வீட்டுல வசதி இல்ல. ஃபீஸ் கட்டவே முடியாது. — ப்ளஸ் டூ மாணவி

கிடைக்கும், ஆனா கதவு ரொம்பக் குறுகல். இளநிலைக்கு ஹார்வர்ட், எம்ஐடி, யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹர்ஸ்ட் மாதிரி ஒரு கைப்பிடி இடங்கள்ல வெளிநாட்டு மாணவர்களுக்கும் வீட்டு வருமானத்தைப் பாக்காம சீட்டு முடிவு பண்ணுவாங்க, சீட்டு கொடுத்துட்டா வீட்டு நிலைமைக்கு ஏத்த உதவியை முழுசா தருவாங்க. மத்த பெரும்பாலான இடத்துல 'உதவி வேணும்'னு டிக் பண்ணா அதுவும் சீட்டு முடிவுல சேரும். அதுக்காக முதல்ல டிக் பண்ணாம விட்டு அப்புறம் கேக்கலாம்னு நெனைக்காதீங்க, பல இடத்துல முதல்ல கேக்கலன்னா நாலு வருஷமும் கேக்க முடியாது. அப்ளிகேஷன் ஃபீஸ் கட்ட முடியலன்னா காமன் ஆப்லயே ஃபீஸ் தள்ளுபடி கேக்க இடம் இருக்கு, கேக்கறதுல கூச்சமே வேண்டாம்மா.

இளநிலையை உள்நாட்டுலயே முடிச்சிட்டு அப்புறம் போறதுன்னா கதவு அகலம். அமெரிக்கால பிஎச்டிக்கு, முக்கியமா சயின்ஸ், இன்ஜினியரிங்ல, ஃபீஸ் தள்ளுபடியும் மாசச் சம்பளமும் சேத்துத்தான் சீட்டே கொடுப்பாங்க, பதிலுக்கு பாடம் நடத்தவோ லேப்ல வேலை பாக்கவோ வேணும், அதுக்கு மாஸ்டர்ஸ் கூட தேவையில்லாத இடம் நிறைய. ஐரோப்பால எராஸ்மஸ் முண்டுஸ் மாஸ்டர்ஸ், ரெண்டு மூணு நாட்டுல மாறி மாறிப் படிக்கலாம், ஸ்காலர்ஷிப் மாசம் 1,400 யூரோ. பிரிட்டன் அரசோட செவனிங் ஸ்காலர்ஷிப் ஒரு வருஷ மாஸ்டர்ஸுக்கு முழுசா தரும், ஆனா 2,800 மணி நேர வேலை அனுபவம் வேணும், முடிச்சிட்டு 2 வருஷம் சொந்த நாட்டுல இருக்கணும். இதுல கவனிக்க வேண்டியது, ஸ்காலர்ஷிப் டெட்லைன் அட்மிஷன் டெட்லைனுக்கு முன்னாடியே வந்து போயிடும். செவனிங் அக்டோபர்லயே மூடிடும். அட்மிட் வந்த பிறகு ஸ்காலர்ஷிப் தேடுறவங்க கடிதம்தான் எனக்கு வருஷா வருஷம் ஏப்ரல்ல வருது.

ஒரு யூனிவர்சிட்டி ஃபண்டிங்கோட ஆஃபர் கொடுத்துட்டு பத்து நாள்ல பதில் சொல்லுன்னு அவசரப்படுத்துது, இன்னொரு இடத்துல ரிசல்ட் வரல. என்ன பண்ண?

அமெரிக்கான்னா ஏப்ரல் 15ன்னு ஒரு தேதி இருக்கு. கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ்ங்கிற அமைப்போட தீர்மானத்துல நிறைய யூனிவர்சிட்டி கையெழுத்து போட்டிருக்கு, ஃபண்டிங் ஆஃபருக்கு அந்தத் தேதிக்கு முன்னாடி பதில் சொல்ல மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. உங்க யூனிவர்சிட்டி அந்த லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா மரியாதையா ரெண்டு வரி மெயில், 'ஏப்ரல் 15 தீர்மானப்படி அதுவரைக்கும் நேரம் தர முடியுமா'ன்னு. சண்டை வேண்டாம், பெரும்பாலும் அந்த தேதியைச் சொன்னதுமே எறங்கி வருவாங்க. ஃபண்டிங் இல்லாத மாஸ்டர்ஸுக்கு இது உதவாது, அங்க டெபாசிட் திரும்பி வருமான்னு மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. இன்னொரு இடத்துக்கும் எழுதுங்க, 'எனக்கு வேற ஆஃபர் இருக்கு, உங்க முடிவு எப்போ தெரியும்'னு கேக்கறது தப்பே இல்ல.

அமெரிக்க மாணவர் விசாவான எஃப்-1 இன்டர்வியூவை ரெண்டு நிமிஷத்துல முடிச்சு 214(பி)ன்னு ஒரு ரிஜெக்ட் சீட்டு கொடுத்துட்டாங்க. பேப்பர் எதையும் பாக்கவே இல்ல.

பாக்க மாட்டாங்க, பெரும்பாலும் பேச்சுலயே முடிவு. 214(பி)ன்னா படிப்பு முடிஞ்சு திரும்பிப் போவீங்கன்னு நீங்க அவங்களை நம்ப வைக்கலன்னு அர்த்தம், தடை இல்ல, மறுபடி போகலாம். ஆனா அதே பதிலோட போனா அதே சீட்டுதான். ஏன் இந்த கோர்ஸ், ஏன் இந்த இடம், யார் பணம் கட்டுறா, முடிச்சிட்டு என்ன, இந்த நாலுக்கும் உங்க சொந்த வாயால ரெண்டு ரெண்டு வாக்கியம் வரணும், மனப்பாடம் பண்ணா அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு மூணாவது வார்த்தைலயே தெரிஞ்சுடும். 2025 ஜூன்ல இருந்து சோஷியல் மீடியா கணக்குகளை பப்ளிக்ல வைக்கச் சொல்றாங்க, ஃபார்ம்ல எழுதின கணக்கும் போன்ல இருக்கிற கணக்கும் ஒண்ணா இருக்கட்டும்.

வணக்கம் மேடம். என் பையன் அமெரிக்கால சேந்து ஒரு செமஸ்டர் ஆச்சு. மார்க் என்னன்னு சொல்ல மாட்டேங்கிறான். ஃபீஸ் கட்டுறது நான், யூனிவர்சிட்டிக்கு மெயில் போட்டா 'சொல்ல முடியாது'ன்னு பதில் வருது. என்ன அநியாயம் இது? — ஒரு அப்பா

அநியாயம் இல்ல சார், அங்க சட்டம் அது. 1974ல வந்த ஃபெர்பாங்கிற சட்டப்படி காலேஜ்ல சேந்துட்டா மார்க் விவரம் மாணவரோட உரிமை, அவர் எழுதிக் கொடுத்தாதான் யூனிவர்சிட்டி பொதுவா உங்ககிட்ட பேசும், ஃபீஸ் யார் கட்டுறாங்கன்னு பாக்காது. அந்த சம்மத ஃபார்ம் பையனோட போர்ட்டல்லயே இருக்கும், அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அதைக் கேக்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, மார்க்கை விட்டுட்டு, தூங்குறானா, அங்க கூட பேச ஆள் இருக்காங்களான்னு கேளுங்க. முதல் செமஸ்டர்ல மார்க் சொல்லாத பசங்க பல பேருக்கு சொல்ல முடியாதது மார்க் இல்ல.